டாக்டர் சொல்லாத சொல்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே தொண்டை கட்டிவிட்டது. இரண்டு காது, ஒரு சிறுநீரகம், பிரசவத் தேதியில் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரு சண்டை, கடைசியாக ரொட்டிக்காரர். டாக்டர்கள் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிகளுக்குத் தமிழிலும், இவர்கள் தமிழில் சொல்வதை டாக்டர்களுக்கு ஆங்கிலத்திலும் சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்தால் எனக்கென்று பேச ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

ரொட்டிக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். பேக்கரி அடுப்படியிலேயே வாழ்ந்தவர். முன்கை இரண்டிலும் சூடான தட்டு பட்ட தழும்புகள், ஏணிப்படி மாதிரி. கல்லீரலில் புற்று. இரண்டு விதமான மருந்து ஏற்றிப் பார்த்தாயிற்று. முதல் நாள் நான் மொழிபெயர்ப்பு விதிகளையெல்லாம் விளக்கியதிலிருந்து என்னை "டீச்சரம்மா" என்கிறார்.

இன்றைக்கு டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது ரொட்டிக்காரர் என் பக்கம் சாய்ந்தார். "இந்தப் பையனுக்கு மீசையே சரியா முளைக்கலை, என் ஈரலைப் பத்திப் பேசறான். இதைப் போய் அவர்கிட்ட மாத்திச் சொல்லிடாதீங்க, டீச்சரம்மா."

அறைக்குள் யார் எதைச் சொன்னாலும் மற்றவருக்குச் சொல்லியாக வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சொன்னேன். 'மாத்திச் சொல்லிடாதீங்க' என்பதையும் சேர்த்து. டாக்டர் மேலுதட்டைத் தடவிக்கொண்டே சிரித்தார். ரொட்டிக்காரரின் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில வந்தாவது வாயை மூடிட்டு இருக்கக் கூடாதா?"

போகும்போது டாக்டர் வழக்கம்போல "ஹேங் இன் தேர்" என்றார். நான் வழக்கம்போல "தைரியமா இருங்க" என்றேன்.

மார்ச் 6, வியாழன்

அந்த ஹேங் இன் தேர். இன்று மட்டும் மூன்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நான் ஒருவருக்கு "தாக்குப் பிடிங்க" என்றேன், ஒருவருக்கு "மனசைத் தளர விடாதீங்க", காது வலிக்காரருக்கு "கொஞ்சம் பொறுத்துக்கோங்க".

அகராதி சொல்வது: கஷ்டமான நிலையிலும் விட்டுவிடாமல் தொடர்வது. சொல்லுக்குச் சொல் பார்த்தால், அங்கேயே தொங்கிக்கொண்டிரு. ஓட்டப்பந்தயத்தில் பின்தங்கியவனுக்கும் சொல்கிறார்கள், பரீட்சைக்குப் படிப்பவளுக்கும், வேலை போனவனுக்கும், சாகக் கிடப்பவருக்கும். தமிழில் எதைச் சொன்னாலும் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு கேள்வி வந்துவிடுகிறது — எதுவரைக்கும்? ஆங்கிலத்தில் அந்தக் கேள்வி எழாது போல. கயிறு எதில் கட்டியிருக்கிறது, கீழே என்ன இருக்கிறது, தூக்கிவிட யாராவது வருவார்களா, ஒன்றும் சொல்லாமலே ஒருவரைத் தொங்கச் சொல்லிவிடலாம்.

சத்தமாகவே முணுமுணுத்திருக்கிறேன். அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி, வேலை நேரம் முடிஞ்சப்புறமும் யாருக்கு மாத்திச் சொல்ற?" அவள் ரயில் நிலையத்தில், விட்டுப்போன பொருள்களை வாங்கி வைக்கும் கவுண்டரில் இருக்கிறாள். இன்றைக்கு யாரோ பல்செட்டை விட்டுவிட்டுப் போனார்களாம். "குடையை மறந்தான் சரி, செருப்பை மறந்தான் சரி. பல்லை எப்படிடி மறப்பான்? வீட்டுக்குப் போய் பொண்டாட்டியைத் திட்டக்கூட முடியாதே!" சாப்பிடும்போது மறுபடி நினைத்து நினைத்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம்.

மார்ச் 11, செவ்வாய்

கஷ்டமான நாள்.

ரொட்டிக்காரருக்கு இரண்டாவது மருந்தும் வேலை செய்யவில்லை. டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு நிதானமாகத்தான் சொன்னார். மூன்றாவது ஒன்று இருக்கிறது. உடம்பை ரொம்ப வாட்டும். பலன் கிடைக்க வாய்ப்பு குறைவு. இல்லையென்றால் மருந்தை நிறுத்திவிட்டு வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். போக வேண்டிய இடம், பார்க்க வேண்டியவர்கள் இருந்தால் இந்த மாதம் போய்வருவது நல்லது.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சொல் விடாமல்.

பார்க்க வேண்டியது மகளை. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊரில் இருக்கிறாள். கல்யாணமாகி நெடுநாள் கழித்து உண்டாகியிருக்கிறாள். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லியிருப்பதால் அவளால் இங்கே வர முடியாது. இவர்கள்தான் போக வேண்டும். டிக்கெட்கூட எடுத்து வைத்திருக்கிறார்கள், வரும் வெள்ளிக்கு.

"யோசிச்சுச் சொல்றோம்," என்றார் ரொட்டிக்காரர். இன்று ஜோக் இல்லை. அவர் மனைவி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் எழுந்தார், கதவருகே போனார், கைப்பிடியில் கை வைத்துத் திரும்பி "ஹேங் இன் தேர்" என்றார். இருவரும் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். நான் "தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

அந்த அம்மாள் முகம் சட்டென்று தெளிந்தது. பாவம்.

மார்ச் 12, புதன்

நேற்று எழுதியதைப் படித்தேன். 'எல்லாம் சரியாயிடும்' — டாக்டர் அப்படிச் சொல்லவில்லையே. சரி, பேச்சுவாக்கில் வருவதுதானே. யார் அதைப் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

ரொட்டிக்காரருக்கு மூன்றாவது மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். பகல்நேர வார்டில் கை காட்டினார். அப்படியென்றால் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகவில்லை. ஏன் என்று நான் கேட்கக் கூடாது. கேட்கவும் இல்லை.

மார்ச் 27, வியாழன்

மழை. எழுத ஒன்றுமில்லை. அக்காவுக்கு முழங்கால் வலி, எனக்கு எல்லாமே வலி.

ஏப்ரல் 2, புதன்



ரொட்டிக்காரரை வார்டில் சேர்த்துவிட்டார்கள். கண் மஞ்சள், கால் வீங்கி, குரல் உள்ளே போய்விட்டது. மருந்து அவரை உருக்கிவிட்டது, கட்டியை ஒன்றும் செய்யவில்லை. டாக்டர் அதைச் சொல்லிவிட்டு, மகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டார்.

அவர் மனைவி நிமிர்ந்து டாக்டரைப் பார்த்துச் சொன்னார். "நீங்கதானே சொன்னீங்க, எல்லாம் சரியாயிடும்னு? கதவுகிட்ட நின்னு சொன்னீங்களே. அதான், சரியான பிறகு பேரப்பிள்ளையையே பார்த்துட்டு வரலாம்னு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துட்டார்."

எங்கள் வேலையில் நோயாளி 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று சொல்லும் பழக்கம் கிடையாது. ஆக, அந்த அம்மாளின் வாயாக நான் டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும், நீங்கள்தானே சொன்னீர்கள் என்று. நான் செய்தது என்ன? 'குணமாகும் என்று நம்பினோம், அதனால் பயணத்தைத் தள்ளிவைத்தோம்.' அவ்வளவுதான் சொன்னேன். 'நீங்கதானே சொன்னீங்க' காணாமல் போய்விட்டது. டாக்டர் வருத்தமாகத் தலையாட்டினார். அவர் ஏன் மறுத்துப் பேசவில்லை என்று அந்த அம்மாளுக்குப் புரிந்திருக்காது. அவர் ஒப்புக்கொண்டதாக நினைத்திருப்பார்.

முதல் தடவை வாய் தவறியது. இரண்டாவது தடவை தெரிந்தேதான் செய்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

வேலைக்குப் போகவில்லை.

ஏன் சொன்னேன்? யார் கேட்டா என்னை? அந்தம்மா முகத்தைப் பார்த்ததும் வந்துடுச்சு. வாயில வந்துடுச்சு. 'தைரியமா இருங்க'ன்னு சொல்லி நிறுத்தினா ஏதோ பாதியில கை விட்ட மாதிரி இருந்துச்சு — அதான் அந்த மிச்சத்தையும் போட்டேன். எனக்கு அந்தச் சங்கடம் தீரணும், அவ்வளவுதான். அவங்களுக்காகவா சொன்னேன்? எனக்காகத்தானே!

டாக்டர் அவ்வளவு நேரம் உட்கார்ந்து சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். கடைசிச் சொல்தான் வீட்டுக்குப் போயிருக்கிறது. எப்போதும் கதவருகே சொல்வதுதான் வீட்டுக்குப் போகும்.

அக்காவிடம் சொன்னேன். அவள் சமாதானம் சொல்லவில்லை. "உனக்கு வாய்ல பூட்டு இல்லைடி," என்றாள். அப்புறம், "போய்ச் சொல்லிடு. அந்த ஆளுக்கு யார் சொன்னதை நம்பினோம்னாவது தெரிய வேண்டாமா?"

சொன்னால் வண்டி திரும்பி வருமா? வராது. சொல்லாமல் இருந்தால்? அதற்கும் வராது.

ஏப்ரல் 4, வெள்ளி

டாக்டரிடம் சொன்னேன். இரண்டு தடவையும் செய்ததை. அவர் கையில் காபிக் கோப்பை. குடிக்கவே இல்லை.

முதலில் கோபம் வந்தது அவருக்கு. 'நான் போகச் சொன்னேனே. இந்த மாதமே போகச் சொன்னேனே.' ஆமாம் என்றேன்.

பிறகு நானே கேட்டுவிட்டேன், ஒரு மாதமாக மனதில் கிடந்ததை. ஹேங் இன் தேர் என்று நீங்கள் சொல்லும்போது உண்மையில் என்ன சொல்கிறீர்கள்? நான் அதை எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?

அவர் யோசித்தார். ரொம்ப யோசித்தார். சின்னப் பையன் முகம். பிறகு சொன்னார்: தெரியவில்லை, அறையை விட்டு எப்படி வெளியே வருவது என்று தெரியாதபோது அதைச் சொல்வேன் என்று நினைக்கிறேன். அதைச் சொல்லிவிட்டால் கதவைத் திறக்க முடிகிறது.

இத்தனை நாளாக நான் தேடிய பொருள் இதுதான். எந்த அகராதியிலும் இல்லை. அவர் வெளியே போவதற்காகச் சொன்னதை நான் அவர்கள் உள்ளே வைத்துக்கொள்ளும்படி சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை அவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு. பயணம் இனி முடியுமா என்று கேட்டேன். நாற்காலியில் உட்கார வைக்கவே முடியாது என்றார்.

ஏப்ரல் 7, திங்கள்

எங்களுக்கு ஒரு வாசகம் உண்டு. மொழிபெயர்ப்பவர் தன் சொந்தப் பேச்சைப் பேச வேண்டி வந்தால், முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும்: 'இது மொழிபெயர்ப்பாளர் பேசுவது.' பேனா கீழே விழுந்தால், ஒரு சொல் காதில் விழாவிட்டால் பயன்படுத்துவது. இன்று அதைத் தமிழில் சொன்னேன், ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு சொன்னேன்.

"எல்லாம் சரியாயிடும்னு அன்னிக்கு டாக்டர் சொல்லலை. நான் சொன்னது அது. அவர் சொல்லாததை நான் சேர்த்துச் சொல்லிட்டேன்."

ரொட்டிக்காரர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். "ஜன்னலோர சீட்டு," என்றார். "கேட்டு வாங்கினது." அவ்வளவுதான். அதையும் டாக்டருக்குச் சொன்னேன்.

அவர் மனைவி எழுந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம். "உங்களை யாரும்மா சொல்லச் சொன்னா? டாக்டர் சொல்றதைச் சொல்றதுக்குத்தானே உங்களை வச்சிருக்கு? என் பொண்ணு அங்க ஒரு வாரமா வாசலையே பார்த்துட்டு இருந்தாளாம். வரலைன்னு அவகிட்ட போன்ல சொன்னது நானா, நீங்களா? வெளியே போங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார், என்ன சொல்கிறார் என்று. 'தயவுசெய்து' இல்லை அதில், நான் சேர்க்கவில்லை. வெளியே போங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வெளியே போனேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மேலதிகாரி அம்மா கூப்பிட்டுப் பேசினார். கனிவாகத்தான். அந்த அறைக்கு இனித் தொலைபேசி வழியாக வேறு ஒரு பெண் மொழிபெயர்ப்பாள். எனக்குக் காது, மூக்கு, தொண்டை. 'இதையே நினைத்துக்கொண்டிருக்காதீர்கள்' என்றார். சரி என்றேன். எதை நினைப்பதாம்?

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று லிப்டில் அந்த டாக்டர். வேறொரு நோயாளியின் மகனிடம், கதவு மூடும் நேரத்தில், ஹேங் இன் தேர் என்றார். சொன்ன பிறகுதான் என்னைக் கவனித்தார். காது சிவந்துவிட்டது. ஒன்றும் மாறாது. நானும் இன்று காலை ஒரு கிழவருக்குக் 'கவலைப்படாதீங்க' என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தினேன். எதற்குக் கவலைப்படக் கூடாது? காது போய்விட்டது அவருக்கு.

டாக்டர் சொன்ன பொருளை அக்காவிடம் சொன்னபோது, "வெளியே போறதுக்குச் சொல்றதுன்னா 'போயிட்டு வரேன்'னு மாத்திச் சொல்லிட வேண்டியதுதானே," என்றாள். "நாமளும் அதைத்தானே சொல்றோம், வரப்போறதில்லைன்னாலும்." சிரிக்காமல் சொன்னாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்தாள்.

அவள் கவுண்டருக்குப் பல்செட்டுக்காரர் இன்னும் வரவில்லையாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வார்டு வழியாக நடந்தேன். போக வேண்டிய அவசியம் இல்லை. கதவு பாதி திறந்திருந்தது. தலையணைப் பக்கத்தில் தொலைபேசி, அதற்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல், தெளிவாக, சரியாக. எனக்குப் பிசகு பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. அவர் மனைவி அந்தத் தொலைபேசியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். யாருக்காக ஆட்டுகிறார்?

ரொட்டிக்காரரின் கை மட்டும் தெரிந்தது. அந்த ஏணிப்படித் தழும்புகள். கை மெலிந்து அவை மட்டும் அப்படியே இருக்கின்றன.

ஏப்ரல் 25, வெள்ளி

ராஜினாமா எழுதினேன். கிழித்தேன். வேறு என்ன தெரியும் எனக்கு? வேதியியல் படித்தவள், இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால். இதில்தான் கிடக்க வேண்டும். இதுவும் அந்த ஹேங் இன் தேர்தான் போலிருக்கிறது.

மே 1, வியாழன்

நேற்று நடந்தது. முழுவதும் எழுதிவிடுகிறேன்.

மதியம் வார்டு நர்ஸ் எங்கள் அறைக்கே வந்தார். ரொட்டிக்காரரின் மனைவி சைகையால் என்னைக் கேட்கிறாராம். மேலதிகாரி அம்மாவுக்குத் தயக்கம். தொலைபேசியில் ஆள் இருக்கிறார்களே என்றார். நர்ஸ் உதட்டைப் பிதுக்கினார். வேண்டாம் என்று தொலைபேசியை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாராம் அந்த அம்மாள்.

வாசலில் நின்றேன்.

"வாங்க," என்றார். முகத்தில் கோபம் இல்லை, பிரியமும் இல்லை. "நான்தான் கூப்பிடச் சொன்னேன். நீங்க இனிமே கூட்டிச் சொல்ல மாட்டீங்க. அந்தப் பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியாது."

ரொட்டிக்காரர் கண் மூடியிருந்தார். காலையிலிருந்து அப்படித்தானாம். மூச்சு எங்கோ போய்விட்டு, திரும்ப வர மனமில்லாமல் வந்தது.

மகளுக்கு விடியற்காலையில் பிறந்துவிட்டது. பெண். மருமகன் அங்கிருந்து செல்போனில் காட்டிக்கொண்டிருந்தான். சின்னத் திரையில் துணிக்குள் ஒரு சிவந்த முகம், அப்புறம் மகள், தலை கலைந்து. "அப்பா, கண்ணைத் திறங்கப்பா. இங்க பாருங்கப்பா. உங்க மூக்குப்பா." அந்த அம்மாள் செல்போனை அவர் கண் முன்னால் பிடித்தார். பிறகு காதருகே வைத்தார். அந்த நேரம் குழந்தை அழுதது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம். அறை முழுக்க அது ஒன்றுதான்.

அவர் அசையவில்லை. ஒரு மூச்சு மட்டும் கொஞ்சம் நீளமாக வந்த மாதிரி இருந்தது. இருந்ததா? நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லத் தெரியவில்லை.

அழுகை நின்றதும் அவர் மனைவி நர்ஸைப் பார்த்தார். "அவருக்குக் கேட்டிருக்குமா?" பிறகு என்னிடம், "கேளுங்க."

கேட்டேன். நர்ஸ் வயதானவர், இதையெல்லாம் நிறையப் பார்த்தவர். அவர் ரொட்டிக்காரரின் முகத்தைக் குனிந்து பார்த்தார், மணிக்கட்டைத் தொட்டார். எனக்குத் தெரியவில்லை என்றார்.

கேட்டிருக்கும். அந்த ஒரு சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் அங்கே யாருக்கு என்ன நஷ்டம்? நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. மகள் திரையில் காத்திருந்தாள். அந்த அம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்குப் பார்த்த மாதிரியே.

"எனக்குத் தெரியலை," என்றேன்.

அது நர்ஸின் பதில். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்த அம்மாள் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். "சரி," என்றார். செல்போனிலும் அதையே சொன்னார். "தெரியலையாம்மா. ஆனா காதுகிட்டதான் வச்சேன்." மகள் அழுதாள். குழந்தையும் சேர்ந்துகொண்டது.

நர்ஸ் போய்விட்டார். டாக்டர் வந்தார், மருந்தைப் பார்த்தார், கதவு வரைக்கும் போனார். கைப்பிடியில் கை வைத்துத் திரும்பியவர், ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் தாழ்த்திவிட்டுப் போனார். என் வேலையும் அதோடு முடிந்தது. நானும் எழுந்து கதவருகே வந்துவிட்டேன். என்னென்னவோ வாயில் வந்தது, ஒரு கட்டு. எதையும் சொல்லவில்லை. சொல்லாமல் கதவைத் திறக்கவும் தெரியவில்லை.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் மனைவி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அதற்குப் பிறகு மாற்றிச் சொல்வதற்கு அந்த அறையில் யாரும் எதுவும் பேசவில்லை. விளக்குப் போடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், போன மூச்சு திரும்ப வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஏன் இவ்வளவு லேட் என்று அக்கா கேட்டாள். உட்கார்ந்திருந்தேன் என்றேன்.